முதல் வரியைப் பார்க்காதவர்

ஆமோதபுரி என்றொரு நாடு. அங்கே மன்னர் நினைத்ததையெல்லாம் சட்டமாக்கிவிட முடியாது. ஒவ்வோர் ஆணையின் அடியிலும் ‘முடிவு பொருந்துகிறது’ என்ற முத்திரை விழவேண்டும். அதைக் குத்தும் உரிமை பல்கலைக்கழகத்துத் தருக்கவியல் பேராசிரியருக்கு மட்டுமே உண்டு. இதனால் அறிவு ஆளும் நாடு என்று அதற்குப் பெயர்.

பேராசிரியர் திருமேனி முப்பது ஆண்டுகளாகக் குத்திக்கொண்டிருந்தார். இளமையில் எழுதிய ஒரு நூல்தான் அவருக்கு அந்தப் பதவியைத் தந்தது. தருக்கம் படித்தவன் முதல் வரி மெய்யா பொய்யா என்று பார்க்கமாட்டான், அதிலிருந்து கடைசி வரி பிறக்கிறதா என்று மட்டுமே பார்ப்பான் என்பது அதன் சாரம். வகுப்பறையில் அது நல்ல பாடம்தான். அரண்மனைக்கோ, பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

பஞ்சம் வந்த ஆண்டில் ஓர் ஆணை வந்தது. “பசித்தவர் அரண்மனை வாசலுக்கு வந்து முறையிடுவர். வாசலில் எவரும் இல்லை. ஆகவே நாட்டில் எவருக்கும் பசியில்லை.” குத்தினார். கஞ்சித்தொட்டிகள் மூடப்பட்டன. மறுமாதம் இன்னொன்று. “பசியில்லாத நாட்டில் பசிக்கிறது என்பவர் பொய்யர். பொய்யருக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே பசிக்கிறது என்பவருக்கு வாக்குரிமை இல்லை.” அதற்கும் குத்தினார். அந்த ஆண்டுத் தேர்தலில் மன்னர் ஒருமனதாக வென்றார்.

அதே வாரம் தங்கை சொர்ணம் ஊரிலிருந்து நடந்தே வந்தாள். காலெல்லாம் சேறு.

“ஆத்துப் பாலத்துலயே அரமணைச் சேவகனுங்க தடியால அடிச்சு வெரட்டுறாங்கண்ணே. அப்புறம் வாசல்ல எவன் நிப்பான்? நான் சேத்துல எறங்கி வந்தேன். எம்பேத்தி புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுட்டுச் சுருண்டு கெடக்கா. மொத வரி பொய்யின்னு எழுதிக் குடுண்ணே.”

“அது என் துறை இல்லம்மா.”

“தொட்டிய மூடுனது ஒன் முத்திரைதானே?”

அவருக்கு வெட்கமாக இருந்தது. ‘முதல் வரி பொய். தொட்டிகளைத் திறக்கவும்’ என்று எழுதிக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பினார். சொர்ணமும் கூடவே வந்தாள்.

“நான் வாசல்லயே நிக்கிறேன். நல்ல சேதியா சொல்லு.”

அமைச்சர் அடைக்கலநாதர் தாளைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுத்தரிடம் மறுமொழி சொன்னார்.

“தருக்கவியல் பேராசிரியர் எவரும் முதல் வரியைச் சோதிக்கமாட்டார் என்பது அன்னாரின் நூலிலேயே உள்ளது. இவர் சோதித்துள்ளார். ஆகவே இவர் தருக்கவியல் பேராசிரியர் அல்லர். அல்லாதவரின் கடிதத்தை அரசு ஏற்பதில்லை.”

பிறகு எழுந்து நின்று, எழுத்தர் எழுதி முடித்த தாளை நீட்டினார். “ஐயா, விதிப்படி இதற்கும் தங்கள் முத்திரை தேவைப்படுகிறது.”

திருமேனி படித்தார். மறுபடி படித்தார். கடைசி வரி ஒழுங்காகத்தான் பிறந்திருந்தது. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக முத்திரையை எடுத்துக் குத்தியது.

அவர் படியிறங்கி வந்தபோது அரண்மனை வாசலில் எவரும் இல்லை.