கடை வாசலில் வீசும் வெப்பக்காற்று பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், காலையில் அளந்தபோது முப்பத்தாறு புள்ளி ஏழு டிகிரி. நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நான் "ம்" மட்டும் சொல்கிறேனாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடந்து, என் கையாலேயே ஒரு குளிர்கோட்டு வாங்கி, அதை விவரமாக எழுதாவிட்டால், நேரில் வந்து வீட்டைப் பூட்டி என்னை உன்னோடு இழுத்துப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாய். என் மனைவி இறந்து நாலு மாதமாகிறது, வேலைக்கும் வீட்டுக்கும் தவிர நான் எங்கும் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை. ஆகவே நடந்தேன்.

தெரு நல்ல தெரு. மரத்துக்கு மரம் விளக்குச் சரம், வெளியே மூன்று டிகிரி. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குத் தலை இல்லை, அப்படியென்றால் குல்லாவை எங்கே மாட்டுவார்கள் என்று தேடினேன், கையில் மாட்டியிருந்தார்கள். அப்புறம்தான் கவனித்தேன், இந்தக் குளிரில் எல்லாக் கடையும் கதவை ஆவென்று திறந்துபோட்டு, மேலே ஒரு பெட்டியை வைத்து வாசலில் வெப்பக்காற்றை ஊதுகிறது. எட்டு வருஷமாக அந்தப் பெட்டியை மாட்டுவதுதான் என் பிழைப்பு, ஆனாலும் ஒருநாளும் அதன் கீழே சும்மா நின்றதில்லை. நின்றேன். சுகமாக இருந்தது. பையில் தெர்மாமீட்டர் வேறு இருந்ததா, செருப்புக் கடையில் இருபத்தெட்டு, வாட்ச் கடையில் முப்பத்தொன்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வெறும் பத்தொன்பது, வருகிறவர்களின் கண்ணாடியில் ஆவி படியக் கூடாதென்று அப்படி வைத்தார்களா இல்லை பழுதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இப்படிக் குறித்துக்கொண்டே ஒன்பதாவதாக ஒரு துணிக்கடைக்கு வந்தபோது, காவலாளி என்னை யாரோ அதிகாரி என்று நினைத்து உள்ளே போய்ச் சொல்ல, மேனேஜர் அம்மா காபியோடு ஓடி வந்து, பெட்டி சரியாக ஊதவில்லை என்று அவராகவே ஒப்புக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டுச் சும்மா போக முடியுமா, ஏணி கேட்டேன், பில்டரைக் கழற்றினால் தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. அப்போது அந்த அம்மா, "தனியாவா சார் வந்தீங்க?" என்று கேட்டார். நான் வேலை மும்முரத்தில் சொன்னேன்: "இல்லங்க, வொய்ஃப் மேல் மாடில துணி பாத்துட்டிருக்கா."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை அக்கா. எந்தக் கடைக்குப் போனாலும் அவள் மேலே இருப்பாள், நான் கீழே இந்த மாதிரி எதையாவது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் திருத்துவதற்குள், அவளுக்கும் ஒரு காபி கொடுத்தே தீர வேண்டும் என்று அந்த அம்மா மைக்கில் அறிவித்துவிட்டார், வாசலில் ஹீட்டர் பார்க்கும் சாரின் மேடம் கீழே வரவும் என்று. ஒரு பெண்மணி இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "என் வீட்டுக்காரர் இதைவிட மோசம். ஆனா இது அவர் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போனார். பக்கத்தில் பைகளோடு காத்திருந்த பெரியவர் ஒருவர், "கூப்பிட்டதும் வந்துட்டா அது எந்த ஊரு பொண்டாட்டிப்பா? பொறுமையா நில்லு, வருவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோட்டு வாங்க மறந்துவிட்டேன். ஆனால் நீ சொன்ன ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் வெளியே இருந்திருக்கிறேன், நாலு பேரோடு பேசியிருக்கிறேன். ஆகவே நீ சிரமப்பட்டு வர வேண்டியதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: ரிப்பேர் இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு அக்கா. மீதி நேரமெல்லாம் மாடிப்படிக்குக் கீழதான் நின்னுட்டிருந்தேன். கடையை மூடணும்னு அந்த அம்மா வந்து சொன்னப்பதான் கிளம்பினேன். நீ வா. சனிக்கிழமையே வா.