கம்பளத்தில் பேஸ்பால்

சனிக்கிழமை வீடு துடைப்பதிலிருந்து தப்பிக்க ஒரு மனிதன் எதுவரைக்கும் போவான் என்று கேட்டால், பேஸ்பால் வரைக்கும் போவான் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு பேஸ்பால் டீம் உண்டு. சனிக்கிழமை காலை மைதானத்தில் பேட்டிங் பயிற்சி. ஒருவர் பந்து எறிவார், ஒருவர் மட்டை பிடிப்பார், மற்றவர்களுக்கு மரநிழலில் படுக்கும் உத்தியோகம். அந்த மரத்துக்காகவே பெயர் கொடுத்தேன்.

"இனிமே சனிக்கிழமை எனக்குப் பயிற்சி. கம்பெனி மானப் பிரச்னை" என்றேன் மனைவியிடம்.

"கம்பெனிக்கு உங்களை விட்டா ஆள் இல்லையாமா?"

"இல்லையாம்."

"பாவம். சரி, போயிட்டு வாங்க."

அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நான் தொப்பி தேடிக்கொண்டிருந்தேன்.

மர நிழலில் சில வாரம் சுகமாகப் போனது. எப்போதாவது என் முறை வரும். பேஸ்பாலில் மூன்று பந்தைக் கோட்டை விட்டால் வெளியே. நான் விட்ட கோட்டைகளை வைத்து ஒரு ராஜ்யமே ஆளலாம்.

ஒருநாள் எங்கள் கேப்டன், அதாவது குடோன் சூப்பர்வைசர், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணி, இவர் கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிறார். ரெண்டு வாரத்துல மேட்ச். தேறலைன்னா தண்ணி கேன் தூக்கத்தான் விடுவேன். வீட்டுலயும் பழகணும். சும்மா மட்டையை வீசினா பயிற்சி இல்ல. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு நோக்கம் வேணும்."

"நோக்கம்தானே தம்பி? நான் பாத்துக்கறேன்."

மறுநாளே கொடியில் ஹால் கம்பளம் தொங்கியது. நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

"இங்க அடிங்க."

அடித்தேன். நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேனா என்று தெரியாத அளவுக்குத் தூசி.

"கண்ணை மூடாதீங்க."

"தூசும்மா."

"தூசி நிக்கிற வரைக்கும் அங்கேயே அடிங்க. அதுதான் நோக்கம்."

கம்பளத்துக்குப் பிறகு மெத்தை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி நல்லா அடிக்கிறாரே. எங்க வீட்டுலயும் ரெண்டு கம்பளம் கிடக்கு."

"கொண்டு வாங்கக்கா. வேற வேற கம்பளத்துல அடிச்சாத்தான் கை பழகும்" என்றாள் மனைவி.

சாயங்காலம் சாக்ஸ் பயிற்சி. துவைத்த சாக்ஸையெல்லாம் நான் ஜோடி சேர்த்து உருண்டையாகச் சுருட்ட வேண்டும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவாள். நான் அதைக் கூடைக்குள் அடிக்க வேண்டும். அடித்து முடித்தால் கையில் ஒரு ஈரத்துணி வரும்.

"ஜன்னல் கண்ணாடி துடைக்கிறதுல மட்டை எங்கம்மா இருக்கு?"

"மணிக்கட்டுக்கு நல்லதுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போனது. ஒரு சாக்ஸ் கூடைக்குள் விழுந்தால் அவள் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துப் பார்த்தது. மேட்ச் பார்க்க வருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டாள். அவள் கண்ணெதிரே தண்ணீர் கேன் தூக்கக் கூடாதென்று, கேட்காமலேயே இன்னொரு கூடை சாக்ஸ் சுருட்டினேன்.

மேட்சில் என்னைக் கடைசியில்தான் இறக்கினார்கள். இன்னும் ஒரு ரன் எடுத்தால் ஜெயம். முதல் பந்து போச்சு. இரண்டாவதும் போச்சு. கூட்டத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, எதிர்வீட்டு அக்கா கம்பளம்னு நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டேன். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. டீமே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவள் கண் கலங்கியிருந்தது. கேட்டால் வெயில் என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன். "இந்த ஆட்டம் எனக்கு நிஜமாவே பிடிச்சுப்போச்சு."

"அப்போ இதுக்கு முன்னாடி?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முதல் வாரமே உங்க சட்டை முதுகெல்லாம் புல்லு. நின்னுக்கிட்டு அடிக்கிறவருக்கு முதுகுல எப்படிப் புல்லு ஒட்டும்? கேப்டனுக்குப் போன் பண்ணி வீட்டுக்கு வரச் சொன்னதே நான்தான்."

அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வேலியைத் தாண்டிய பந்தில் பாதி அவளுடையது. இனி சனிக்கிழமை தவறாமல் அடிப்பது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை மனதார.

அடுத்த சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மொத்த டீமும் மட்டையோடு நிற்கிறது.

"இவரைத் தேத்தின மாதிரி எங்களையும் தேத்தி விடுங்க அண்ணி" என்றார் கேப்டன்.

வெளியே எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்கக் கொடி கட்டி, கொடி முழுக்கக் கம்பளம். எனக்குக் கை பரபரத்தது. மட்டையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். மனைவி அன்பாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதான் தேறிட்டீங்களே. இவங்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துட்டு, டம்ளரைத் தேய்ச்சு வைங்க. மணிக்கட்டுக்கு நல்லது."