கண்டக்டர் பையில் முளைத்த முடி

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் ஆறுமுகம். பெயரை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அன்றைக்கு எனக்கு இருந்தது சின்ன வேலை. ஒரு தோல் பையைக் கொண்டுபோய் ஒரு பஸ் முதலாளியிடம் காட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பையும் பெல்ட்டும் தைக்கிற கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு கதவு, ஒரு ஸ்டூல்.

அந்த முதலாளிக்கு நாலு பஸ். நாலிலும் பக்கவாட்டில் சிங்கத்தலை வரைந்திருக்கும். கண்டக்டர்கள் தோளில் தொங்கும் காசுப் பையிலும் அதே சிங்கம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாதிரிக்கு ஒன்று செய்யச் சொன்னார். பிடித்தால் எல்லாக் கண்டக்டருக்கும் என் பை. பிடிக்காவிட்டால் வேலை மதுரைக்குப் போய்விடும்.

செய்தேன். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய நல்ல தோல். மூடியில் சிங்கத்தின் கண், மூக்கு, வாய் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். பிடரி மயிருக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. கத்தியால் நாலு கோடு இழுத்துவிட்டேன்.

போகிற வழியில் டீ குடிக்கலாம் என்று பையைப் பெஞ்சில் வைத்தது என் தப்பு. பவர்லூம் தறிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற ஆறுமுகம் எட்டிப் பார்த்தான்.

“என்ன வே, இது எந்தத் தெரு நாயி? மழையில நனைஞ்சிட்டோ?”

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர் ஆற்றுகிற டீயைத் தரையில் ஊற்றிக்கொண்டே சிரித்தான்.

அது சிங்கம் என்றேன். முடி மட்டும் கொஞ்சம் பாக்கி, வருகிற வெள்ளிக்கிழமை வந்து பார் என்றேன். ஆறுமுகம் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இன்னொரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள இதை நீரு சிங்கமாக்கிட்டீர்னா, இந்தப் பெஞ்சு மேல ஏறி நின்னு சிங்கம்னு மூணு தடவ சொல்லுதேன் வே.”

எனக்கு வயிற்றுவலி என்று முதலாளிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். அவரும் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

விஷயம் இதுதான். கத்தியால் ஒவ்வொரு கோடாகக் கீறினால் முடி வராது, உழுத வயல்தான் வரும். பத்துப் பன்னிரண்டு கோடு ஒரே அழுத்தில், மயிரிழை போல விழ வேண்டும். அதற்கு ஒரு கருவி வேண்டும்.

இரும்புக் கடைக்குப் போனேன். தோலில் முடி போடுகிற உளி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முடி எடுக்கதுக்குத்தான் அண்ணாச்சி கத்தி இருக்கு. போடுததுக்கு இன்னும் ஒண்ணும் வரல. வந்தா நான்லா முதல்ல வாங்குவேன்” என்று தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

சரி, நாமே செய்வோம் என்று தையல் ஊசிகளை மூங்கில் பிடியில் வரிசையாகச் செருகி இறுக்கிக் கட்டினேன். ஈரத்தோலில் வைத்து ஒரு இழுப்பு. ஊசி முனை தோலை அழுத்தவில்லை, கிழித்தது. தோல் நாராக உரிந்து தொங்கியது. நாய்க்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆறுமுகம் சொன்னதில் பாதியை நானே செய்து கொடுத்துவிட்டேன்.

அடுத்து என் கண்ணில் பட்டது என் சம்சாரத்தின் பேன் சீப்பு. மரச்சீப்பு, நெருக்கமான பல். தோலில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். ஒரு பல் போனது. இன்னும் கொஞ்சம் லேசாகத் தட்டினேன். ஐந்து பல் போனது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் சாப்பிட உட்காரும் போதெல்லாம் எதிரே வந்து நின்று தலையைச் சொறிந்தாள். திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

திங்கட்கிழமை தறிக்கூடத் தெரு வழியாக நடந்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் ஒரு கதவோரம் நின்றேன். பாவு நூலை இழை இழையாகப் பிரித்து நிறுத்துகிற கம்பிச் சட்டம் ஒன்று தறியில் உண்டு. அச்சு என்பார்கள். தட்டைத் தட்டையான மெல்லிய எஃகுக் கம்பிகள், சீப்பை விட நெருக்கமாக. சிங்கத்தின் முடி அங்கே நின்றுகொண்டிருந்தது.

ஒடிந்துபோன பழைய அச்சு ஏதாவது கிடைக்குமா என்று தறிக்காரரிடம் கேட்டேன். அதெல்லாம் ரிப்பேர்காரன்தான் கழற்றி எடுத்துப் போவான் என்றார். யார் ரிப்பேர்காரன் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

ஒரு நாள் பூராவும் போகக் கூடாது என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறுமுகம் வீட்டு வாசலில் நின்றேன். ஜன்னலுக்கு அடைக்க வேண்டும், பல்லி வருகிறது என்று பொய் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஒடிந்த அச்சுகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, துரு போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். போதாதற்கு ஒரு டம்ளர் மோர் வேறு.

இது அவன் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம்.

சைக்கிள் கடையில் இருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து அச்சில் ஒன்றரை அங்குலம் அறுத்தேன். இரண்டு பித்தளைத் தகட்டுக்கு நடுவில் வைத்து முடுக்கினேன். தோலில் அழுத்தினால், ஆகா, முடி! ஆனால் எல்லாம் ஒரே நீளம், ஒரே நேர். எண்ணெய் தேய்த்துச் சீவி, பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற சிங்கம்.

நிஜ முடி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். சிங்கத்துக்கு எங்கே போவது? ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஒரு கிடாவின் தாடியைக் கையில் பிடித்து ஒவ்வொரு கற்றையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“வாங்க வந்தவன் பல்லப் பிடிச்சிப் பாப்பான். நீரு என்ன வே தாடியப் பிடிச்சிக்கிட்டு நிக்கீரு? கிடாவுக்குப் பொண்ணு பாக்கீரா?”

அவமானம்தான். ஆனால் கற்றுக்கொண்டேன். முடி வேரில் சேர்ந்து கிளம்பி நுனியில் பிரிகிறது. கீழ் வரிசையின் மீது மேல் வரிசை வந்து படிகிறது. திரும்பி வந்து, மூன்றுக்கு ஒரு பல்லை அரத்தால் குட்டையாக்கினேன். முனைகளை மழுக்கினேன், இனி கிழிக்காது. பல் வரிசையை லேசாக வில் போல வளைத்து ராவினேன். இப்போது கருவியை அழுத்திச் சாய்த்தால் கோடு ஆழமாகத் தொடங்கி மெலிந்து முடிகிறது. தோலின் ஈரத்துக்கும் கணக்குப் பிடித்தேன். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. ஈரம் கூடினால் போட்ட முடி மூடிக்கொள்ளும்.

பை மூடிக்குப் புதுத் தோல் எடுத்து, முகத்தை மறுபடி செதுக்கி, வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் பிடரி வந்தது. ஊதினால் பறக்கும் போல் இருந்தது. கை நிற்கவில்லை. காதுக்குக் கொஞ்சம் வைத்தேன். கன்னம் வெறுமையாகத் தெரிந்தது, அங்கேயும் வைத்தேன். நெற்றிக்கு வைத்தேன். மூக்குத் தண்டுக்கும் ஒரு வரிசை. சம்சாரம் பின்னால் வந்து நின்று, “மூஞ்சி பூராவுமா முடி?” என்றாள். தலையைச் சொறிகிறவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டீக்கடைக்குப் போனேன். பையைப் பெஞ்சில் வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். மாஸ்டர் கையைத் துடைத்துவிட்டு வந்து தடவினான். ஆறுமுகமும் தடவினான். பிறகு செருப்பைக் கழற்றினான். ஒரு காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

வயிற்றுவலி தேவலையா என்று விசாரித்தார். பையை வாங்கினார். தடவினார். முகம் மலர்ந்தது.

“முடி தத்ரூபமா இருக்கு வே. கரடிய இப்படி நான் பாத்ததே இல்ல.”

ஆறுமுகம் ஒரு கால் பெஞ்சிலும் ஒரு கால் தரையிலுமாக என்னையே பார்த்தான்.

சிங்கம் முதலாளி என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் முகம் சுருங்கியது. பத்துப் பேருக்கு முன்னால் ஒரு தடவை கரடி என்று சொல்லிவிட்டார். பெரிய மனுஷர் சொல்லை எப்படித் திரும்ப வாங்குவார்?

“சிங்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாலு வண்டியில எழுதிப் போட்டவன் நான். இது கரடியா, இல்லையா?”

மதுரை என் கண் முன்னால் வந்து நின்றது.

“கரடிதான் முதலாளி” என்றேன்.

ஆறுமுகம் காலை இறக்கினான். செருப்பைப் போட்டுக்கொண்டான்.

எல்லாப் பையும் எனக்கே கிடைத்தது. எல்லாவற்றிலும் இதே கரடி வேண்டும் என்றார். சிங்கத்தை எல்லோரும் போடுகிறார்கள், கரடி யாரிடமும் இல்லை என்று ஆளை விட்டு நாலு பஸ்ஸிலும் சிங்கத்தை அழித்துக் கரடி எழுதச் சொன்னார். பெயிண்டர் என் பையைப் பார்த்துத்தான் எழுதினான். அந்த வண்டிகள் போகிற சிவகிரியில் ஜனம் இன்றைக்கும் கரடி வண்டி எப்போது என்றுதான் கேட்கிறது.

மறுநாளே ஆறுமுகத்தைப் பிடித்து, பேசினபடி பெஞ்சில் ஏறு என்றேன்.

“நீரே கரடின்னுட்டீரே வே. நான் எதை வச்சிச் சிங்கம்னு சொல்ல?”

அது வியாபாரத்துக்குச் சொன்னது என்றேன். அப்படியென்றால் நானும் வியாபாரத்துக்குச் சொன்னதாக வைத்துக்கொள்ளும் என்று போய்விட்டான்.

வயசாகிவிட்டது, எனக்கும் அவனுக்கும். பெஞ்சில் ஏறினால் விழுந்துவிடுவான். அதனால் தரையில் நின்று சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் மூன்று தடவை மூன்று தடவைதான், அதில் ஒன்றுகூடக் குறைக்க மாட்டேன்.