சிங்கராஜாவின் மிச்சக் கரண்டு

ஒரு காட்டில், கரண்டு இல்லாமலேயே நன்றாகப் பிழைத்துக் கொண்டிருந்த ஒரு காட்டில், ஒருநாள் கரண்டு வந்து சேர்ந்தது. வயர் இழுக்கும் பொறுப்பு சடையாண்டி என்ற கீரிக்குக் கிடைத்தது. டவுனில் ஒரு வயர்மேன் வீட்டுப் பரணில் வளர்ந்த கீரி அது. அதற்கு வேலை தெரியும். பயப்படவும் நன்றாகத் தெரியும்.

"வீட்டுக்கு வீடு தனித்தனியா லைன் இழுத்துடலாம் மகாராஜா. ஒரு பல்பு போனாலும் மத்தது எரியும். எல்லாருக்கும் ஒரே வோல்டேஜ்" என்றது சிங்கத்திடம்.

"எல்லாருக்குமா? எனக்கும் முயலுக்குமா?"

மந்திரி நரி மெல்லக் கனைத்தது. கீரி சட்டென்று பேச்சை மாற்றியது.

"இல்ல மகாராஜா, ஒரே வயர்லயே எல்லாரையும் கோத்துடலாம். முதல் பல்பு தங்களுக்கு. தாங்கள் எரிச்ச மிச்சம் புலிக்கு. புலி எரிச்ச மிச்சம் யானைக்கு. கடைசி மிச்சம் முயலுக்கு."

சுத்தப் பொய். ஒரே வயரில் வரிசையாகக் கோத்தால் முதல் பல்பிலும் கடைசிப் பல்பிலும் ஓடுவது ஒரே கரண்டுதான். கடைசி இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோக அது என்ன கல்யாணப் பந்தியா? கீரிக்கு இது தெரியும். தெரிந்தேதான் 'ஆஸ்தான வயர்மேன்' பட்டத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டது.

சின்னச் சின்னப் பல்புகள் காடு முழுக்க எரிந்தன. முயல் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. வளை வாசலில் வெளிச்சம் விழுந்ததால் காட்டுப்பூனை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு மாலை சிங்கம் உலாவப் போய்விட்டு உறுமிக்கொண்டே திரும்பியது. "முயல் வளையில என் மிச்சம் எனக்குச் சமமா எரியுதே, எப்படிடா?"

உண்மையைச் சொன்னால் கழுத்துப் போகும். "முயல் திருட்டுத்தனமா இழுக்குது மகாராஜா" என்றது கீரி.

முயலை இழுத்து வந்தார்கள். "நான் அந்த வயரைத் தொட்டதே இல்லைங்க. அண்ணே, உங்களுக்குத் தெரியுமே, நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சியது. கீரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முயலின் பல்பைக் கழற்றியதும் மொத்தக் காடும் இருண்டது. "பாத்தீங்களா, போகும்போது எல்லா வெளிச்சத்தையும் சுருட்டிட்டுப் போயிட்டா!" என்று நரி கூவியது. கீரி அறுந்த இரு முனைகளையும் முறுக்கி இணைத்தது. விளக்குகள் மறுபடி எரிந்தன, முன்னைவிடச் சற்றுப் பளிச்சென்று. திருட்டு நிரூபணமாயிற்று.

மறுநாள் காலை வளை வாசலில் காட்டுப்பூனையின் கால்தடம் இருந்தது. குட்டிகள் இல்லை. கீரி அன்றிலிருந்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனது.

சிங்கத்துக்கு ருசி கண்டுவிட்டது. மான் பல்பு போயிற்று, மயில் பல்பு போயிற்று, கரடி, யானை, புலி பல்புகளும் போயின. ஒவ்வொரு பல்பும் கரண்டுக்கு ஒரு தடை. ஒன்றைக் கழற்றினால் தடை குறையும், ஓட்டம் கூடும். குகை பகலாய் ஜொலித்தது. இருட்டில் முட்டிக்கொண்டவர்கள் வாசலில் நின்று அதை வாழ்த்திப் பாடினார்கள்.

இனி ஒன்றைக் கழற்றினாலும் ராஜாவின் பல்பு தாங்காது என்று கீரிக்குத் தெரியும். "மகாராஜா, இன்னொண்ணு எடுத்தா..."

"எடுத்தா?"

"...தங்கள் புகழ் இன்னும் பிரகாசிக்கும்."

சிங்கத்தின் கண் நரிமேல் விழுந்தது. நரி பதறியது. "டேய் சடையாண்டி, பாதியில நிறுத்தின விஷயத்தைச் சொல்லுடா!"

கீரி நரியின் பல்பைக் கழற்றி வயரை முறுக்கியது. குகையில் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று ஒளி. பிறகு டப்பென்று ஓர் ஓசை. காடெங்கும் கும்மிருட்டு.

இருட்டில் சிங்கத்தின் மூச்சு கீரியின் முகத்தில் அடித்தது. "என்னடா ஆச்சு?"

"தங்கள் தேஜஸைப் பல்பு தாங்கலை மகாராஜா."

சிங்கம் பிடரியைச் சிலுப்பிக்கொண்டது. பிறகு, "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லி, நரியிடமிருந்து பறித்த மந்திரி பதவியைக் கீரிக்குக் கொடுத்தது.

நீதி: தடை குறையக் குறையக் கரண்டு கூடும்; முதுகெலும்பு குறையக் குறையப் பதவி கூடும்.