முளைப்பாரி அறையில் ஒரு வாழைத்தார்

படித்த படிப்பு ஆபத்தில் கைகொடுக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள், என் மாமியார் வீட்டு இருட்டறையை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

கல்யாணமான முதல் வருஷம். இலுப்பூர் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. வீட்டுக்கு வீடு பானையில் பயறு விதைத்து, எட்டு நாள் இருட்டில் வளர்த்து, முளைப்பாரியாகத் தலையில் சுமந்து போக வேண்டும். பயிர் உயர்ந்தால் வீடு உயரும். வந்த மருமகளின் ராசியும் அதில்தான் தெரியுமாம்.

"நான் பாத்துக்கிறேன் அத்தை. இதுலதான ஆராய்ச்சியே பண்றேன்!" என்று குதித்தேன்.

பொய்யில்லை. செடியின் செல்லுக்குள் நுண்குழல்கள் உண்டு; அவைதான் செல்லின் எலும்புக்கூடு. அவை அரைஞாண் கயிறு போலச் சுற்றிக் கிடந்தால், செல் பக்கவாட்டில் பருக்க முடியாமல் நெடுநெடுவென்று நீளும். எத்திலீன் என்ற ஹார்மோன் வந்துவிட்டால் அந்தக் கயிறுகள் நெட்டுக்குத்தாகத் திரும்பிவிடும். செல் நீளாமல் பருக்கும். இதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. (கணவர் ஒருமுறை விளக்கம் கேட்டார். பிறகு கேட்கவேயில்லை.)

வெளிச்சம் படக்கூடாது என்று அத்தையை உள்ளே விடாமல், நானே கதவோரம் நின்று குத்துமதிப்பாகத் தண்ணீர் தெளித்தேன். திருவிழாவுக்கு வாங்கிய வாழைத்தாரை எங்கே வைப்பது என்று மாமா கேட்டபோது, "இங்கிட்டே வைங்க மாமா, மூடுன ரூம்ல சீக்கிரம் பழுக்கும்" என்றதும் சாட்சாத் நான்தான்.

எட்டாம் நாள் கதவைத் திறந்தோம். தார் தங்கமாகப் பழுத்திருந்தது. பயிரோ விரல் உயரத்தில், கொழுகொழுவென்று, தலையைக் கொக்கி போலக் கவிழ்த்து நின்றது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது! "அத்தை, பாருங்க! குட்டை, தடிமன், கொக்கி, மூணும் இருக்கு! எல்லாம் பழத்துலேர்ந்து வந்த எத்திலீன்! லேப்லகூட இவ்வளவு அழகா வந்ததில்ல!" என்று கைதட்டினேன்.

"அப்ப தெரிஞ்சேதான் தாரை இங்க வைக்கச் சொன்னியா?" என்றார் அத்தை.

கைதட்டலை நிறுத்திக்கொண்டேன்.

அன்று தெருவெல்லாம் முழ உயரப் பயிர்கள் அசைந்து போக, நடுவில் நான். "ஏம்மா, வெறும் பானையவா தூக்கிட்டு வார?" என்று எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

பட்டம் கிடைத்தது. பையனும் பிறந்தான். இப்போது ஒன்றாம் வகுப்பில் வரிசைக்கு முதல் ஆள் அவன்தான். அதாவது வகுப்பிலேயே குட்டை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று சொந்தக்காரர்கள் யாரும் கேட்பதில்லை.

"புள்ளைய எந்த ரூம்ல படுக்க வச்ச?" என்றுதான் கேட்கிறார்கள்.