டிரைவரம்மாவின் புது உதடு

காலை ஐந்தே முக்காலுக்கு சுன்ரே கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தைவிட உதடுகள்தான் முதலில் தெரிந்தன. ராத்திரியோடு ராத்திரியாக அவை இரண்டு மடங்காக வீங்கி, மாட்டு ஈரலின் நிறத்துக்கு வந்திருந்தன. முதல் வண்டி ஆறேகாலுக்கு.

பூசான் நகரத்தை ஒட்டிய யோங்தோ தீவின் மலைச்சரிவில் ஏறி இறங்கும் மினிபஸ்ஸை சுன்ரே பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். வயது ஐம்பத்து நான்கு. பிறவியிலேயே வெளுத்த உதடு. வண்டியில் ஏறுகிற புதுமுகமெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்கும். உதட்டுச்சாயம் பூசினால் பத்து மணி காபியோடு போய்விடும். கம்பெனியில் ஓட்டுநர்களுடைய புகைப்படங்களை மாற்றப்போவதாகச் சொன்னதும், பழைய படத்தில் பிணம்போலத் தெரிந்தது நினைவுக்கு வர, முந்தின நாள் துணிந்து தாஹீயின் கடைக்குப் போய்விட்டாள்.

தாஹீ உதட்டுக்கு நிரந்தர நிறம் குத்துகிறவள். கை சுத்தம், பேச்சும் சுத்தம். "கோடு இழுத்தா அச்சு குத்துன மாதிரி இருக்கும்மா. உள்ள அடர்த்தியா வெச்சு, வெளிய வர வரக் கரைச்சு விட்டுருவேன். இப்பதான் ஸ்ட்ராபெர்ரி தின்னுட்டு வாயத் தொடச்ச மாதிரி இருக்கும்" என்றாள். மரத்துப்போக மருந்து தடவி, உதட்டின் உட்பக்கம் ஊசிப் புள்ளிகளை நெருக்கமாகவும் ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி விட்டும் வைத்து, இரண்டு மணி நேரம் குனிந்தே வேலை செய்தாள். வீங்கும், உரியும், காரமும் சூடும் ஒரு வாரத்துக்குக் கூடாது என்று தாளில் எழுதியும் கொடுத்தாள். எவ்வளவு வீங்கும் என்று சுன்ரேதான் கேட்கவில்லை.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் நிறுத்தத்தில் மீன் வியாபாரி மால்ஜா ஏறினாள். அவளுடைய மீன் தொட்டியை எப்போதும்போல சுன்ரே இறங்கிப் போய்த் தூக்கி வைத்தாள். மாஸ்க் எதற்கு என்று மால்ஜா கேட்டபோது, சளி என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் மால்ஜா ஒரு குடுவை நிறைய இஞ்சித் தேநீரோடு வந்தாள். சுன்ரே பயணிகளிடம் ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வாங்கியதில்லை. வண்டி ஓட்டச் சம்பளம் வருகிறது, அதற்கு மேல் கை நீட்டக் கூடாது என்பது அவள் கணக்கு. வழக்கம்போல வேண்டாம் என்றாள்.

"சளி பிடிச்சவ வேண்டாம்னு சொல்லக் கூடாது. எங்க எல்லாருக்கும் ஒட்ட வெக்கப் பாக்குறியா?" என்றாள் மால்ஜா.

சுன்ரே வாங்கிக்கொண்டாள்.

மதியம் ஓட்டுநர்களுடைய ஓய்வறையில் எல்லோரும் கிம்ச்சிக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட, சுன்ரே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஆறின கஞ்சியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாள். சளிக்குக் காரமாகச் சாப்பிட்டால்தானே நல்லது என்று ஒருவன் கேட்டான். பல் பிடுங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் கடைசி இருக்கையில் வழக்கமாக உட்காரும் பெரியவர் தோக்சு, "பல்லா, சளியா?" என்று விசாரித்தார்.

"ரெண்டும்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அடுத்த நாள் காலையில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பரங்கிக்காய்க் கஞ்சி, எள்ளுக் கஞ்சி, சிப்பிக் கஞ்சி என்று மூன்று டப்பாக்கள் சேர்ந்தன. சிப்பிக் கஞ்சி தோக்சுவுடையது. காலையில் தானே கடலோரம் போய் வாங்கிவந்ததாகச் சொன்னார். இடைவேளையில் சுன்ரே மூன்றையும் குடித்தாள். இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம். கஞ்சி அருமையாக இருக்கிறதே என்று இன்னொரு பக்கம்.

ஐந்தாம் நாள் உதடு உரிந்தது. உரிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்பைவிட வெளுப்பு, அங்கங்கே திட்டு. பதறிப்போய் தாஹீயை அழைத்தாள்.

"நிறம் போகலம்மா, ஒளிஞ்சிருக்கு."

"எங்க?"

"தோலுக்குக் கீழ."

"எப்ப வரும்?"

"மூணு வாரத்துக்குள்ள வந்துரும். கைய மட்டும் வெக்காதீங்க. எனக்கே முதல் தடவ இப்படி ஆனப்ப அழுதேன்."

இனி வீக்கம் இல்லை, மறைக்க எதுவுமில்லை, மாஸ்க்கைக் கழற்றினால் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பரவும் வதந்தி அடங்கும் என்று சுன்ரே நினைத்தாள். கழற்றினாள். வண்டி மொத்தமும் அவள் வெளுத்த உதட்டையே பார்த்தது. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மறுநாள் டப்பாக்கள் இரட்டிப்பானதும், மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அந்த வாரம் புகைப்படம் எடுக்க வந்தவன் மட்டும் அதைக் கழற்றச் சொல்லி, "கொஞ்சம் உயிரோட சிரிங்கம்மா" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் மேலாளர் நோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கடிதம், கீழே நாற்பத்து மூன்று கையெழுத்துகள். ஓட்டுநர் சுன்ரேவுக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள், ஆனால் வண்டியை மட்டும் அவளிடமிருந்து பிடுங்காதீர்கள் என்று எழுதியிருந்தது. மேலாளருக்கே கண் கலங்கியிருந்தது.

"சார், அது உதட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

"பொம்பளைங்க சமாச்சாரம், எங்கிட்டச் சொல்ல வேண்டாம். டாக்டர்கிட்டச் சொல்லுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நீங்க வண்டி எடுக்கக் கூடாது" என்றார்.

இப்போது விளையாட்டு வினையாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைச்சரிவில் நூற்று நாற்பது படி ஏறி மூச்சு வாங்க வருகிறவர்களுக்காக மாற்று ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பானா? மால்ஜாவின் தொட்டியை யார் தூக்குவார்கள்? வேறு வழித்தடத்தில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

மருத்துவமனையில் ரத்தம், எக்ஸ்ரே, இதயம் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டபோது, சுன்ரே மாஸ்க்கை இறக்கி உதட்டைக் காட்டி நடந்ததை ஒப்பித்தாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து விளக்கை அடித்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கரைச்சு விட்டிருக்காங்களா? ஓரம் இப்பவே லேசாத் தெரியுது, நல்லா வரும்போல. எந்தக் கடை?" என்று கேட்டு, தாஹீயின் எண்ணை மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

'பூரண நலம்' என்று அறிக்கை வந்தது. சுன்ரே வேலைக்குத் திரும்பினாள். அவ்வளவு பெரிய வியாதி மூன்றே நாளில் குணமானதற்கு உடம்பு தேறச் சாப்பிடும் ஜின்செங் வேர் இரண்டு பொட்டலம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் கழுவிய டப்பாக்களை அடுக்கினாள். பத்தொன்பது. ஒவ்வொன்றின் மூடியிலும் பெயர் எழுதியிருந்தது. இவர்களில் பாதிப்பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். எழுந்து அரிசியை ஊறப்போட்டாள்.

திங்கட்கிழமை காலை கண்ணாடியில் நிறம் வந்திருந்தது. உள்ளே பழுத்த சிவப்பு, வெளியே வர வர இளஞ்சிவப்பு. எந்த இடத்தில் முடிகிறது என்றே சொல்ல முடியாமல் தோலோடு கரைந்திருந்தது. சுன்ரே தாஹீயை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். ஐம்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தன் முகம் தனக்கே ஆரோக்கியமாகத் தெரிந்தது.

மாஸ்க்கோடுதான் வண்டியை எடுத்தாள். மலையுச்சியில் கடைசி நிறுத்தம் வந்ததும் இன்ஜினை அணைத்து, யாரும் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது டப்பாக்களையும் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் அரிசிப் பணியாரம்.

"எனக்கு எந்த நோயும் இல்ல. சளியும் இல்ல, பல்லும் பிடுங்கல. உதட்டுக்கு நிறம் குத்திக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்கள ஏமாத்திட்டேன். நீங்க குடுத்த கஞ்சிய ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மன்னிச்சிருங்க" என்று சொல்லி, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, இடுப்பு வளையக் குனிந்தாள்.

மால்ஜா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் சுன்ரே நினைத்தாள். பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். வண்டி முழுக்கச் சிரிப்பு பரவியது. கடைசி இருக்கையிலிருந்து தோக்சு மெல்ல எழுந்து வந்து, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, அவள் உதட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் கப்பலுக்குப் பெயின்ட் அடிச்சவன் நான், டிரைவரம்மா. நீ மாஸ்க்க இறக்கித் தண்ணி குடிச்ச முதல் நாளே இது புதுப் பெயின்ட்டுன்னு பாத்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டதுகூட உனக்குச் சம்பளத்தோட ஓய்வு கிடைக்கட்டும்னுதான். ஆனா நோயாளின்னு வெச்சாத்தானே பதினோரு வருஷமா எங்க கையால ஒண்ணும் வாங்காதவ வாங்கிப்ப?"