கடல் பழக்கம் உண்டு

"என்ன எழுதியிருக்கிய, படிங்க," என்றாள் மனைவி சீனித்தாய், அரிசி புடைப்பதை நிறுத்தாமல்.

பிச்சையா கப்பல் கம்பெனிக்கு எழுதிய விண்ணப்பத்தின் முதல் வரியைப் படித்தான். தனக்கு வேலை மிகவும் தேவை என்று இருந்தது. இரண்டாவது வரியிலும் அதுவே, இன்னும் பணிவாக.

"ஒங்களுக்கு வேணும்னா அவனுக்கென்ன? கம்பெனிக்கு என்ன வேணும்? அத எழுதுங்க."

விண்ணப்பக் கடிதத்தின் சூட்சுமமே அதுதான். வேலை கொடுக்கிறவனின் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். பிச்சையா உட்கார்ந்து பார்த்தான். தூத்துக்குடியில் ஆழம் போதாததால் கப்பல் கரைக்கு வராது. சில மைல் தள்ளியே நிற்கும். மூட்டைகளைத் தோணியில்தான் இறக்கிக் கொண்டுவருவார்கள். கப்பலில் ஒரு குமாஸ்தா எண்ணுவார். கரையில் இன்னொருவர் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்படி எண்ணுவதற்கு ஓர் ஆள்தான் இப்போது தேவை.

'கடல் பழக்கம் உண்டு' என்று எழுதினான். அந்த ஒரு வரி மட்டும் மெலிவாகத் தெரிந்தது. 'தோணிக்காரர் மத்தியில் வளர்ந்தவன்' என்று சேர்த்தான். பேனா நிற்கவில்லை. 'கடலே என் தொட்டில்.'

வளர்ந்தது உடன்குடிச் செம்மண்ணில். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் இந்த வேலை கிடைக்காவிட்டால் மாமனாரின் கருப்பட்டி மண்டிக்குப் போக வேண்டும். அங்கே வருகிறவர்களிடமெல்லாம் அவர், "படிச்ச மாப்பிள்ள, தராசு பிடிக்காரு," என்பார்.

பதில் வந்தது. நேர்முகம் நடுக்கடலில், கம்பெனிப் படகில்.

"சாப்பிடாமப் போயிருதேன் ஏளா."

"காலி வயித்துலதான் பெரட்டும்."

நிறையச் சாப்பிட்டான். சாப்பிட்டது உறுத்தவே எலுமிச்சை ஊறுகாயை நக்கினான். ஊறுகாய் எரியவே சுக்கு நீர் குடித்தான்.

படகில் மற்ற விண்ணப்பக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக இருந்தார்கள்.

"தூரத்துல பாரும் வே," என்றார் சுக்கான் பிடித்த ரோச்.

பார்த்தான். தூரம் ஏறி இறங்கியது. கண்ணை மூடினான். வயிறு ஏறி இறங்கியது.

ஹெட்கிளார்க் தாணுலிங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடலே என் தொட்டில்னு எழுதினது நீருதான?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்திருக்கக் கூடாது. எல்லாம் ஹெட்கிளார்க்கின் மடியில் விழுந்தது.

"நேத்து மீனு கெட்டுப்போச்சு, ஐயா."

"ஊறுகாயால்லா தெரியுது," என்றார் தாணுலிங்கம், வேட்டியைப் பார்த்தபடி.

படகே சிரித்தது. பிச்சையாவின் கண்முன் மண்டியின் தராசு ஆடியது.

கரைக்கு வந்ததும் தாணுலிங்கம் வேட்டியை அலசிக்கொண்டே மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு பிச்சையாவிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலம்பற மூட்ட அடுக்குத கிட்டங்கிக்கு வந்துரும். எண்ணுத வேல கரையிலதான்."

"படகுல ஏற வேண்டாமா, ஐயா?"

"ஏறவே கூடாது."

பிச்சையா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பூமி ஆடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சு சீரானதும் ரோச்சிடம் கேட்டான்.

"நல்லா இருந்தவுகளயெல்லாம் அனுப்பிட்டு என்னய எதுக்கு எடுத்தாரு, அண்ணாச்சி?"

ரோச் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "கடல் பழகினவன் எங்கள மாதிரி தோணிக்காரங்களுக்குச் சேக்காளி, வே. வழியில ரெண்டு மூட்ட கொறஞ்சாலும் சரியா இருக்குன்னு எழுதிருவான். நீங்க எல்லாருமே பழக்கம் உண்டுன்னு எழுதிட்டிய. அதுல பொய் எழுதினவன் எவன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தப் படகு."